குழந்தைக்குக் கிளீட்டஸ் என்று பெயர்: ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

பெரம்பூர் அம்மா:
மகனுக்கு அடுத்த மாதம் ஞானஸ்நானம். போன வருடம் தவறிப்போன மாமனாரின் பெயரையே வைக்கப்போகிறோம், அதில் எனக்கும் கணவருக்கும் இரண்டு பேச்சு இல்லை. மாமனார் தூத்துக்குடிக்காரர், ஆதார், ரேஷன் கார்டு, பென்ஷன் புத்தகம் எல்லாவற்றிலும் கிளீட்டஸ். ஆனால் ஊர்க் கோயிலிலிருந்து வாங்கிய அவருடைய ஞானஸ்நானச் சான்றிதழில் அனக்ளீட்டஸ் என்று இருக்கிறது. நாத்தனார் முழுப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்கிறார். கணவரின் சித்தப்பாவோ, கிளீட்டஸும் அனக்ளீட்டஸும் வேறு வேறு பாப்பரசர்கள் (போப்புகள்) என்று ஒரு பழைய பூசைப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார், அதில் கிளீட்டஸ் திருநாள் ஏப்ரல் 26, அனக்ளீட்டஸ் திருநாள் ஜூலை 13 என்று தனித்தனியாகத்தான் போட்டிருக்கிறது. யார் சொல்வது சரி? கார்ப்பரேஷனில் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க வேண்டும், ஆங்கிலத்தில் எது வழக்கம் என்றும் சொல்லுங்கள்.

சாந்தோம்வாசி:
சித்தப்பா காட்டும் புத்தகத்தில் தப்பில்லை, அது அச்சான காலத்தில் திருச்சபையே அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தது. ஆனால் ஆள் ஒருவர்தான். சுமார் 180ஆம் ஆண்டில் லியோன் ஆயர் இரேனியுஸ் ரோமை ஆயர்களை, அதாவது பாப்பரசர்களை, வரிசையாகச் சொல்லும்போது பேதுரு, பவுலுக்கு அப்புறம் லீனுஸ், அடுத்து அனெங்க்ளீத்தோஸ் (அனக்ளீட்டஸின் கிரேக்க வடிவம்), அடுத்து கிளமெந்து என்கிறார். பூசையில் குருவானவர் சொல்லும் முதலாம் நற்கருணை மன்றாட்டைக் கவனித்துக் கேளுங்கள், லீனுஸ், கிளீட்டஸ், கிளமெந்து என்று வரும். லீனுசுக்கும் கிளமெந்துக்கும் நடுவில் இருப்பவர் ஒரே ஆள், ஓரிடத்தில் முழுப் பெயர், ஓரிடத்தில் சுருக்கம். 354இல் ரோமில் தொகுத்த பட்டியலில் இரண்டு பெயரையும் தனித்தனியாக எழுதிவிட்டார்கள், பின்னால் வந்த திருத்தந்தையர் வரலாற்று நூல் ஒருவரை ரோமைக்காரர், மற்றவரை ஏதென்ஸ்காரர் என்று பிறந்த ஊரே கொடுத்துவிட்டது. ஆயிரம் வருடத்துக்கும் மேலாக இப்படியே ஓடி, 1947இல் தான் வத்திக்கான் ஆண்டு நூலில் ஒருவராகத் திருத்தினார்கள். 1960இல் ஜூலை 13 திருநாளையும் எடுத்துவிட்டார்கள். அதனால் பேரனுக்கு ஏப்ரல் 26ஐயே ஃபீஸ்ட் நாளாகக் கொண்டாடுங்கள்.

நாத்தனாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அனெங்க்ளீத்தோஸ் என்றால் கிரேக்கத்தில் குற்றம் சொல்ல இடமில்லாதவர், தீத்து 1:7இல் சபைக் கண்காணிப்பாளர் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் இதே சொல்தான் நிற்கிறது. கிளீத்தோஸ் என்றாலோ அழைக்கப்பட்டவர், ரோமர் 1:1இல் பவுல் தன்னைப் பற்றிச் சொல்லும் சொல். சுருக்கம் என்று அதைக் குறைவாக நினைக்கவே வேண்டாம்.

அடையாறு தமிழன்:
ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். ஆங்கிலத் திருப்பலியில் க்ளீட்டஸ்தான். அனக்ளீட்டஸ் என்பது பெரும்பாலும் வரலாற்றுப் புத்தகத்திலும் திருத்தந்தையர் பட்டியலிலும் வரும் வடிவம், இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் அனக்ளேத்தோ என்று ஆட்களுக்கு வைப்பதுண்டு, ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் அது அபூர்வம். இன்னொரு விஷயம், 1130 முதல் 1138 வரை திருத்தந்தை இரண்டாம் இன்னசென்ட்டுக்கு எதிராக, தானே திருத்தந்தை என்று நின்ற இரண்டாம் அனக்ளீட்டஸ் என்ற எதிர்த்திருத்தந்தை ஒருவர் இருந்தார். பையன் வளர்ந்து தன் பெயரைத் தேடிப் பார்த்தால் அவரும் வந்து நிற்பார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் க்ளீட்டஸ் என்றால் படிப்பறிவில்லாத கிராமத்தான் என்று கிண்டல் செய்யும் வழக்கம் உண்டு, டிவி காமெடிகளால் பரவியது. அதற்காகப் பெயரை விட்டுவிடாதீர்கள். மாமனார் பெயர், அதுவும் பேதுருவுக்குப் பிறகு லீனுஸ் ஒருவருக்கு மட்டும் அடுத்து அந்த இடத்தில் இருந்தவரின் பெயர். யாரோ ஒரு ஊரில் சிரிப்பார்கள் என்று நாம் ஏன் மாற்ற வேண்டும்?

கோடம்பாக்கம் டீச்சர்:
மேலே சொன்னவர்கள் சொன்னதுதான், கிளீட்டஸ் என்றே வையுங்கள். எழுத்து முக்கியம்: சி, எல், இ, டி, யூ, எஸ். கே போட வேண்டாம், க்ளீ என்று நீளுகிறதே என்று இரண்டு ஈ போட வேண்டாம், நியூமராலஜி பார்த்து யாராவது ஒரு எழுத்தைச் சேர்க்கச் சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். பிறந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது, ஆனால் ஒருமுறை பதிந்த பெயரை மாற்றுவது பெரும்பாடு. அதைவிட முக்கியம், கோயில் பதிவேட்டிலும் அதே பெயர், அதே எழுத்தில் ஏற வேண்டும். தாத்தாவுக்கு நடந்த மாதிரி இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று இருந்தால் பையன் கல்யாணத்துக்குக் கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கும் சமயத்தில் அலைய வேண்டியிருக்கும். ஃபாதரிடம் பேசப் போகும்போது பெயரை ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள், பதிவேட்டில் எழுதியதும் அங்கேயே ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.