குடும்பக் குழு: சேலம் – ஏற்காடு

ஏற்காடு மாமா: 📷 படம்

ஏற்காடு மாமா: எலி வந்துவிட்டது!

அம்மா: வீட்டுக்குள்ளேயா? பூனை என்ன செய்கிறது தம்பி?

பிரபு: அம்மா, அது எக்ஸ்எஃப்சிஇ என்கிற டெஸ்க்டாப்போட சின்னம். மாமா ராஸ்பெரி பையில் டெஸ்க்டாப் ஏற்றியிருக்கிறார்.

அம்மா: பையிலா? எந்தப் பை?

பிரபு: 😂😂

ஏற்காடு மாமா: அக்கா, தோட்டத்து கேமரா படங்களைச் சேர்த்து வைக்க உள்ளங்கை அகலத்துக்கு ராஸ்பெரி பை 4 என்று ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு வைத்திருக்கிறேனே, அதுதான். இத்தனை நாள் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும்தான் வரும். ரூம் பதிவேட்டை அதிலேயே எழுத வேண்டும் என்று உன் நாத்தனார் கேட்டாள்.

அத்தை: நான் மானிட்டர் சும்மா கிடக்கிறதே என்றுதான் சொன்னேன். அதற்கு மூன்று ராத்திரியா தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

பிரபு: மாமா, ராஸ்பெரி பை ஓஎஸ் போட்டிருந்தால் டெஸ்க்டாப் கூடவே வந்திருக்கும். ஃப்ரீபிஎஸ்டி என்கிற வேறு ஓஎஸ்ஸைக் கட்டிக்கொண்டு ஏன் இந்தப் பாடு?

ஏற்காடு மாமா: கேமரா படமெல்லாம் இதில்தான் இருக்கிறது மாப்பிள்ளை. நன்றாக ஓடுகிற ஒன்றை எதற்குக் கலைக்க வேண்டும்? 2021-இல் ஃப்ரீபிஎஸ்டி 13.0 பதிப்பு வந்ததிலிருந்து, இந்தப் போர்டில் இருக்கிற 64 பிட் ஆர்ம் வகைச் சில்லுக்கும் இன்டெல்லுக்குச் சமமாக முதல் வரிசை ஆதரவு இருக்கிறது. பேக்கேஜ் எல்லாம் தயாராகக் கிடைக்கிறது, உட்கார்ந்து கம்பைல் செய்ய வேண்டியதில்லை.

கவிதா: மாமா சொல்வது சரிதான். ஆனால் புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நானும் பை ஓஎஸ்தான் சொல்வேன். ஃப்ரீபிஎஸ்டியில் அந்தப் போர்டின் வைஃபை வேலை செய்யாதே, எப்படி இறக்கினீர்கள்?

ஏற்காடு மாமா: ரவுட்டர் வராந்தாவில் இருக்கிறது, கேபிள் எட்டவில்லை கண்ணு. போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டேன். யுஇ0 என்று ஒரு நெட்வொர்க் இணைப்பாக வந்தது, டிஎச்கிளையன்ட் கட்டளை கொடுத்ததும் நெட் கிடைத்துவிட்டது.

அம்மா: எனக்கு ஒன்றும் புரியவில்லை. டெஸ்க்டாப் என்றால் அந்த டிவி மாதிரி இருப்பதா?

பிரபு: அம்மா, தட்டுவடை செட் நினைத்துக்கொள். கீழே இருக்கிற தட்டை ஃப்ரீபிஎஸ்டி, அதன்மேல் தடவுகிற சட்னி திரையில் படம் வரைகிற எக்ஸ்ஆர்க், கண்ணுக்குத் தெரிகிற கேரட் பீட்ரூட் எல்லாம் எக்ஸ்எஃப்சிஇ.

அம்மா: இப்போது புரிந்தது. பசிக்கவும் செய்கிறது.

ஏற்காடு மாமா: அந்தச் சட்னிதான் என்னைப் படுத்தியது. எக்ஸ்ஆர்க், எக்ஸ்எஃப்சிஇ இரண்டையும் பிகேஜி கட்டளையில் இழுத்தேன், புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேச உதவுகிற டிபஸ்ஸை எனேபிள் செய்தேன், எக்ஸ்இனிட்ஆர்சி கோப்பில் ஒரு வரி எழுதினேன். டெஸ்க்டாப்பைத் தொடங்க ஸ்டார்ட்எக்ஸ் கொடுத்தால் ‘நோ ஸ்கிரீன்ஸ் ஃபவுண்ட்’ என்று மூஞ்சியில் அடித்தது.

கவிதா: எஸ்சிஎஃப்பி டிரைவர் போட்டீர்களா?

ஏற்காடு மாமா: அதேதான். பையின் கிராபிக்ஸ் சில்லுக்கு லினக்ஸில் இருக்கிற டிரைவர் இங்கே இல்லை. பூட் ஆகும்போது, போர்டை எழுப்புகிற ஃபர்ம்வேர் திரைக்கென்று ஒதுக்கிக் கொடுக்கிற நினைவகத்தில் (ஃப்ரேம்பஃபர்)தான் எக்ஸ்ஆர்க் வரைய வேண்டும். அந்த டிரைவரை ஏற்றி, எக்ஸ்ஆர்க்.கான்ஃப்.டி அடைவில் நாலு வரிக் கோப்பு வைத்தேன். எலி ஓடி வந்தது.

பிரபு: ஆனால் படத்தில் எல்லாமே ராட்சச அளவில் இருக்கிறதே? ஐகான் ஒவ்வொன்றும் முறுக்கு மாவு உருண்டை சைஸில்.

அத்தை: அதைத்தான் நானும் கேட்கிறேன். செட்டிங்ஸ் ஜன்னலைத் திறந்தால் கீழ்ப் பாதி மேசைக்குக் கீழே போய்விடுகிறது. ‘குளோஸ்’ பட்டனே கண்ணில் படவில்லை.

கவிதா: அத்தை, ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு ஜன்னலை மவுஸால் மேலே இழுங்கள், பட்டன் தெரியும். அது தற்காலிகம்தான். மாமா, டிஸ்ப்ளே செட்டிங்ஸில் எத்தனை அளவு காட்டுகிறது?

ஏற்காடு மாமா: 640 x 480. வேறு எதையும் தேர்வு செய்ய விடவில்லை.

கவிதா: விடாது. எஸ்சிஎஃப்பியில் அளவை உள்ளேயிருந்து மாற்ற முடியாது, ஃபர்ம்வேர் பூட்டில் என்ன கொடுத்ததோ அதுதான். போர்டின் மெமரி கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போடுங்கள். சின்ன ஃபேட் பார்ட்டிஷனில் கான்ஃபிக்.டெக்ஸ்ட் என்கிற கோப்பு இருக்கும். அதில் பை 4 பகுதிக்குக் கீழே எச்டிஎம்ஐ சேஃப் = 1 என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள்.

ஏற்காடு மாமா: இரு, பார்க்கிறேன்.

அத்தை: காபி ஆறுகிறது என்று அவரிடம் சொல்லுங்கள். இங்கே கூப்பிட்டால் காதில் விழாது.

ஏற்காடு மாமா: இருக்கிறது!

கவிதா: அந்த வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் (#) போட்டுவிடுங்கள், வரி செயல்படாது. எந்த மானிட்டரிலும் ஏதாவது தெரிந்தால் போதும் என்று வைத்திருக்கிற பாதுகாப்பு அளவு அது. எடுத்துவிட்டால் மானிட்டர் சொல்கிற அளவையே ஃபர்ம்வேர் எடுத்துக்கொள்ளும். கேபிளைப் பவர் பின்னுக்குப் பக்கத்தில் இருக்கிற எச்டிஎம்ஐயில் செருகுங்கள், மற்றதில் வேண்டாம்.

ஏற்காடு மாமா: 📷 படம்

ஏற்காடு மாமா: 1920 x 1080!! கண்ணு, நீ நல்லா இருக்கணும்.

பிரபு: 👏👏 அக்கா, மாமாவிடம் ஒரு கிலோ காபித்தூள் எழுதி வாங்கிவிடு.

அத்தை: ஃபயர்பாக்ஸில் தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது.

கவிதா: எழுத்துரு இல்லை அத்தை. மாமா, நோட்டோ எழுத்துருக்களை ஏற்றுங்கள். தட்டச்சுக்கு ஐபஸ், அதோடு ஐபஸ் எம்17என். அதில் தமிழ்99 இருக்கிறது.

ஏற்காடு மாமா: இங்கே கரண்ட் போய்விட்டது. நாகலூர்ப் பக்கம் மழை போலிருக்கிறது. வந்ததும் போடுகிறேன்.

*இரவு 9:40*

ஏற்காடு மாமா: கரண்ட் வந்துவிட்டது. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சர்டிஃபிகேட் சரியில்லை என்கிறது. பிகேஜியும் மறுக்கிறது.

பிரபு: கடிகாரம் என்ன காட்டுகிறது மாமா?

ஏற்காடு மாமா: அடடே. பழைய தேதி.

பிரபு: பை 4-இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போனால் நேரமும் போச்சு. தேதி தப்பாக இருந்தால் சர்டிஃபிகேட்டும் தப்பாகத்தான் தெரியும். நெட்டிலிருந்து நேரத்தைச் சரிசெய்கிற என்டிபிடியை எனேபிள் செய்து, ‘சிங்க் ஆன் ஸ்டார்ட்’டையும் எஸ் என்று வையுங்கள். ஏற்காட்டில் இதில்லாமல் முடியாது. அப்புறம், போர்டில் இருக்கிற சிவப்பு விளக்கு நிலையாக எரிகிறதா?

ஏற்காடு மாமா: ஃபயர்பாக்ஸ் திறக்கும்போது அணைந்து அணைந்து எரிகிறது. பழைய போன் சார்ஜர்தான் போட்டிருக்கிறேன்.

பிரபு: வோல்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் கார்டில் எழுதும்போது சொதப்பும். 3 ஆம்பியர் அடாப்டர் நாளைக்கு நான் கொண்டுவருகிறேன்.

கவிதா: ஒன்று சொல்லிவிடுகிறேன், யூடியூப் திக்கித் திக்கித்தான் ஓடும். திரையில் வருகிற ஒவ்வொரு புள்ளியையும் சிபியு-வே வரைகிறது. விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் காம்போசிட்டிங்கை (ஜன்னல் நிழல் மாதிரி அலங்காரங்களை) நிறுத்தினால் மற்ற வேலையாவது இலகுவாகும். அப்புறம் ரூட் என்கிற நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டு இன்னும் ‘ரூட்’ என்றே இருந்தால் இப்போதே மாற்றுங்கள் மாமா.

ஏற்காடு மாமா: நாற்பது வருஷம் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

கவிதா: மாற்றினீர்களா இல்லையா?

ஏற்காடு மாமா: இரு, வருகிறேன்.

பிரபு: 😂😂😂

*இரவு 10:25*

அத்தை: இதை அந்தப் பெட்டியிலிருந்தே தமிழில் அடிக்கிறேன். ‘ழ’ எங்கே என்று தேடியதில்தான் நேரம் போனது. பிரபு, அடாப்டரோடு லீ பஜாரில் ஒரு கிலோ வரமிளகாயும் வாங்கி வா. வண்டியை மெதுவாக ஓட்டு, மேலே பனி இறங்கிவிட்டது.

பிரபு: சரிங்க அத்தை. மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன்.