இங்கிலாந்தில் குழந்தைகளைப் பிழைக்க வைத்தது தாய்-சேய் நல நிலையங்களா?

பழைய ஏடு:
தாய்-சேய் நல நிலையங்கள் நடத்த நகராட்சிகளுக்கு வழிவிட்ட 1918ஆம் ஆண்டின் தாய்-சேய் நலச் சட்டம்தான் இங்கிலாந்தில் குழந்தைச் சாவைக் குறைத்தது என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். நான் ஏற்கவில்லை. இங்கிலாந்து, வேல்ஸில் 1900இல் பிறந்த ஆயிரத்தில் சுமார் 154 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 1918இலேயே அது 97. சட்டம் வருமுன்பே இவ்வளவு சரிவு! குடும்பம் சிறுத்தது, சாப்பாடு கொஞ்சம் தேறியது, அவ்வளவுதான்.

செவிலி அக்கா:
தம்பி, இந்த வேலை 1918இல் தொடங்கியதல்ல. குழந்தை பிறந்த 36 மணி நேரத்துக்குள் ஊர் மருத்துவ அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1907இலேயே வந்துவிட்டது. 1915இல் நாடு முழுக்கக் கட்டாயமானது. தகவல் கிடைத்ததும் சுகாதாரப் பார்வையாளர், அதாவது வீடு தேடிப் போகும் செவிலி, வீட்டுக்கே போவார். தாய்ப்பால் கொடுக்கச் சொல்வார், பால்புட்டியைச் சுத்தமாக வைக்கக் கற்றுத்தருவார். கோடை வயிற்றுப்போக்கில் கைக்குழந்தைகள் கொத்துக்கொத்தாகச் செத்த காலம் அது. புட்டியைக் கழுவச் சொன்னது சின்ன விஷயமா? நிலையத்தில் எடை பார்த்தார்கள், ஏழைத் தாய்க்குக் குறைந்த விலையில் பால் கொடுத்தார்கள். 1939இல் குழந்தைச் சாவு ஆயிரத்துக்குச் சுமார் 50ஆக இறங்கியது.

பழைய ஏடு:
எல்லா ஊரிலுமா கொடுத்தார்கள்? 1918 சட்டம் பெரும்பாலும் ‘செய்யலாம்’ என்றது, ‘செய்தே ஆக வேண்டும்’ என்று சொல்லவில்லை. மனமுள்ள நகராட்சி செய்தது, வரிக்காசை எண்ணிய நகராட்சி ஒதுங்கியது. தாய்மார் நிலையைப் பாருங்கள்: கர்ப்பிணி கிளினிக்குகள் பெருகியும் 1934இல் ஆயிரம் பிரசவத்துக்கு நான்குக்கு மேல் சாவு. கிருமித் தொற்றை அடக்கும் சல்ஃபா மருந்து வந்த பிறகுதான், பிரசவத்தில் தொற்றும் கிருமியால் வரும் பிரசவக் காய்ச்சல் அடங்கியது.

செவிலி அக்கா:
மருந்தின் பங்கை யார் மறுத்தது? ஆனால் கிளினிக்கில் பார்த்தவர் ஒருவர், பிரசவம் பார்த்தவர் வேறொருவர் என்றிருந்தது. மருத்துவச்சிகள் பலர் பிரசவத்துக்கு இவ்வளவு என்று வாங்கிப் பிழைத்தார்கள். 1936 சட்டம்தான் ஊர்தோறும் சம்பளத்துக்கு மருத்துவச்சிகளை வைக்கச் சொன்னது.

ஈரோட்டுக்காரி:
ஒன்றை இருவரும் விட்டுவிட்டீர்கள். 1922இல் லண்டனை ஒட்டிய எட்மன்டனில் ஒரு சுகாதாரப் பார்வையாளர், தாய்மார்களுக்குக் கருத்தடை ஆலோசனை கிடைக்கும் இடத்தைச் சொன்னதற்காக வேலை இழந்தார். இன்னொரு பிரசவம் உடல்நலத்தைக் கெடுக்கும் என்றால் மட்டும் அந்த ஆலோசனை தரலாம் என்று அரசு 1930இல்தான் இறங்கி வந்தது.

பழைய ஏடு:
நான் சொல்வதும் அதுதானே! தாய்க்கு எது தேவை என்று வாசலுக்குப் போன செவிலிக்குத் தெரிந்தது, மேலே இருந்தவர்கள் கதவைச் சாத்தினார்கள்.

செவிலி அக்கா:
சரி, மேலே இருந்தவர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். வாசலுக்குப் போன செவிலியின் உழைப்பைக் கணக்கிலிருந்து தள்ளாதீர்கள்.