உருளைக்கிழங்கும் உறைபனியும்: முதலில் எழுவது அப்சிசிக் அமிலமா?

கேத்தி விவசாயி:
நேற்று இங்கே ஒருவர், செடிக்குக் குளிரை முதலில் உணர்த்துவது அதன் உடலிலேயே ஊறும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன்தான் என்றும், அதைத் தெளித்தால் நீர்போக (பாசனப் பருவ) உருளைக்கிழங்கு உறைபனியைத் தாங்கும் என்றும் எழுதியிருந்தார். முப்பது ஆண்டுகளாகப் பள்ளத்தாக்கில் கிழங்கு போடும் எனக்கு அதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. குளிர் பட்டவுடன் செல்லின் சவ்வு இறுகுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது, ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 15 நிமிடங்களுக்குள், குளிரைத் தாங்கவைக்கும் சிபிஎஃப் மரபணுக்கள் இயங்கத் தொடங்கிவிடுகின்றன. 15 நிமிடம் என்பதைக் கவனியுங்கள். அந்த ஹார்மோன் கூடுவதற்கு முன்பே வேலை தொடங்கிவிட்ட பிறகு, அது எப்படி முதலாவதாகும்?

முத்தோரை மாணவன்:
எழுதியவன் நான்தான் ஐயா. சிபிஎஃப் மரபணுக்களை இயக்குவது ஐசிஇ1 என்ற புரதம். அதில் பாஸ்பேட்டை ஏற்றி, அது சிதையாமல் காப்பது ஓஎஸ்டி1 என்ற நொதி. அந்த நொதி அப்சிசிக் அமிலத்தின் பாதையைச் சேர்ந்தது என்பதை நீங்கள் ஏன் விட்டுவிட்டீர்கள்?

கேத்தி விவசாயி:
விடவில்லை. அமிலம் கூடாமலேயே குளிர் அந்த நொதியைத் தூண்டும். 15 நிமிடத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

குன்னூர் தேயிலைக்காரர்:
ஒரே அமிலத்துக்காக இத்தனை சண்டையா? வளர்ச்சி ஹார்மோனான ஜிப்பெரலின் குறைந்து, வளர்ச்சியைத் தடுக்கும் டெல்லா புரதங்கள் சேர்வதால்தான் குளிரில் செடி வளர்ச்சியை ஒடுக்கிக்கொள்கிறது. ஐசிஇ1-ஐ அடக்கி வைத்திருக்கும் ஜாஸ் புரதங்களை ஜாஸ்மோனிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோன் அகற்றுகிறது. அராபிடாப்சிஸில் எத்திலீன் என்ற ஹார்மோனோ சிபிஎஃப்-ஐ அடக்குகிறது. இவற்றைப் பற்றி யாருமே பேசவில்லை.

கேத்தி விவசாயி:
பேச்சைத் திருப்ப வேண்டாம் அண்ணா. போன தை மாதம் உங்கள் பேச்சைக் கேட்டு ஸ்பிரிங்ளரை நள்ளிரவிலேயே நிறுத்தினேன். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம்தான் இலையைக் காக்கிறது என்பதால், விடிந்து பனி உருகும் வரை ஓடவிட்டிருக்க வேண்டும். அரை ஏக்கர் கருகிப்போனது. அதை நான் மறக்கவில்லை.

குன்னூர் தேயிலைக்காரர்:
நிறுத்தச் சொன்னது டீசல் தீர்ந்துவிட்டது என்று நீங்களே சொன்ன பிறகு. என் இளந்தேயிலையைத் தாகைச் செடிகளைக் கொண்டு மூடினேன், ஒரு செடியும் போகவில்லை.

முத்தோரை மாணவன்:
உருளைக்கிழங்குக்கே வருகிறேன். 1983-இல் வெளியான ஆய்வில், சொலானம் காமர்சோனி என்ற காட்டினத்தை 2 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்தபோது, நான்காம் நாளில் அதன் இலையில் அப்சிசிக் அமிலம் மும்மடங்கானது. அன்றிலிருந்தே அதன் தாங்கும் திறன் வளரத் தொடங்கி, முன்பு மைனஸ் 5 டிகிரியிலேயே மடியக்கூடியதாக இருந்த இலை பதினைந்தாம் நாளில் மைனஸ் 12 வரை தாங்கியது. செல்லுக்கு வெளியே உருவாகும் பனிக்கட்டி உள்ளிருக்கும் நீரை இழுக்கும்போது சவ்வைக் காப்பவை சர்க்கரைகளும் டீஹைட்ரின் புரதங்களும்தான். டீஹைட்ரின்கள் பலவற்றைக் கூட்டுவது இதே ஹார்மோன். உயிரைக் காப்பது முதல் நொடியா, நான்காம் நாளா?

கேத்தி விவசாயி:
நான்காம் நாள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள் தம்பி. நான் கேட்டது 15 நிமிடம். அதே ஆய்வில் நாம் உண்ணும் இனம் குளிருக்குப் பழகவே இல்லை, அதன் அமிலமும் கூடவில்லை, மைனஸ் 3 டிகிரியில் எப்போதும் மடிந்தது. அதை ஏன் எழுதவில்லை? ஊட்டி அருகே தலைகுந்தாவில் உறைபனியால் புல் வெளுக்கும் இரவில் என் வயலில் நிற்பது அந்த இனம்தான், உங்கள் காட்டினம் அல்ல.

முத்தோரை மாணவன்:
கூடவில்லை என்பதால்தானே வெளியிலிருந்து தெளிக்கச் சொல்கிறேன்! எனக்கு அதுவே சான்று.

குன்னூர் தேயிலைக்காரர்:
அந்த மருந்து லிட்டர் என்ன விலை என்று முதலில் சொல்லுங்கள்.

கேத்தி விவசாயி:
விலை பிறகு. 15 நிமிடத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.