டி.சி. இருந்தால் வயது நிரூபணம் ஆகிவிடுமா?

கூண்டுக்கு_வெளியே:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார்: "போக்சோ (18 வயதுக்குட்பட்டோருக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) வழக்கில் பள்ளி டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) இருந்தால் வயதுப் பிரச்சினை முடிந்தது. பிறகு பிரிவு 29 இருக்கிறது, குற்றமற்றவன் என்று எதிரிதான், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்தான், நிரூபிக்க வேண்டும்." கோர்ட் வாசற்படியையாவது மிதித்தவர் இப்படி எழுதமாட்டார். 2023 ஜூலையில் நம் மாநில வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் டி.சி.யை ஏற்கவில்லை. 1997ஆம் ஆண்டுப் பிறப்பு ஆவணங்களைக் காணோம் என்று வருவாய்த் துறை அலுவலர் சாட்சி சொன்னார். மருத்துவர் பதினெட்டுக்கு மேல், இருபதுக்குள் என்றார். எதிரி விடுதலை. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டவர் என்று அரசுத் தரப்பு நிறுவாதவரை பிரிவு 29 வாயைத் திறக்காது.

சாக்பீஸ்_தாத்தா:
அந்த "ஒருவர்" நான்தான் ஐயா. பெயரைச் சொல்லியே ஏசலாம். 34 ஆண்டுகள் பள்ளியில் இருந்தவன். சிறார் நீதிச் சட்டம் 94ஆம் பிரிவு, பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழைத்தான் முதலில் வைக்கிறது. டி.சி.யை என்ன, மளிகைக் கடையிலா தருகிறார்கள்?

கூண்டுக்கு_வெளியே:
பிறந்த தேதிச் சான்றிதழ் வேறு, டி.சி. வேறு. தீர்ப்பே அதைத்தான் சொல்கிறது. பிறந்த தேதிச் சான்றிதழோ பத்தாம் வகுப்புச் சான்றிதழோ இல்லையென்றால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். எதுவுமே இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை. வரிசை இது. டி.சி. இதில் எங்கே?

சாக்பீஸ்_தாத்தா:
டி.சி.யில் பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும் இருக்கும். கீழே தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரை. இன்னும் என்ன வேண்டும், ரத்தமா?

கூண்டுக்கு_வெளியே:
சேர்க்கைப் பதிவேட்டைப் பழைய துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்த ஒரு தலைமையாசிரியரைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். "இந்தத் தேதியை யார் சொன்னது?" "பெண்ணின் மாமா." "ஆவணம் ஏதாவது பார்த்தீர்களா?" பதில் இல்லை. அந்தப் பக்கத்தில் பதினாறு பிள்ளைகள், ஒன்பது பேர் ஜூன் முதல் தேதியில் பிறந்தவர்கள். வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது என்று எழுதியவர்கள்தானே நீங்கள்?

சாக்பீஸ்_தாத்தா:
காது தொட்டது என் அப்பா காலம். இப்போது பிறப்புச் சான்றிதழைப் பார்த்துத்தான் சேர்க்கிறோம். அப்படியானால் அந்த எதிரிக்காக வாதாடியவர் நீங்கள்! இத்தனை கோபம் எதற்கென்று இப்போது புரிகிறது.

மகளிர்_நிலைய_வாசல்:
நடுவில் ஒரு வார்த்தை. போக்சோ பிரிவு 35இன்படி, நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுத்த 30 நாட்களுக்குள் குழந்தையின் சாட்சியம் பதிவாக வேண்டும். நான் துணைக்குச் சென்ற ஒரு சிறுமியை மூன்றாம் ஆண்டில்தான் அழைத்தார்கள். அதற்குள் அவளுடைய சித்தப்பாவே எதிர்த் தரப்போடு பேசி முடித்திருந்தார். அவள் பிறழ்சாட்சி ஆனாள், முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னாள். குழந்தையின் வாக்குமூலம் ஒன்றே நம்பும்படி இருந்தால் தண்டனை தர முடியும் என்பதைப் பற்றி இங்கே யாருக்கும் கவலையில்லையா?

கூண்டுக்கு_வெளியே:
அம்மா, அது தனி விவாதம். இங்கே பேச்சு டி.சி.யைப் பற்றி.

தாமிரபரணிக்கரை:
வக்கீல் ஐயா போன மாதம் கிராம நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் "தீர்ப்பே சொல்கிறது" என்று மிரட்டினார். நான் தீர்ப்பின் பத்தி எண்ணைக் கேட்டேன். இன்றுவரை வரவில்லை.

கூண்டுக்கு_வெளியே:
நத்தத்துக்கும் வாய்க்கால் புறம்போக்குக்கும் வித்தியாசம் தெரியாதவருக்குப் பத்தி எண் எதற்கு?

தாமிரபரணிக்கரை:
எண் இல்லை என்பதை இவ்வளவு நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

சாக்பீஸ்_தாத்தா:
உங்கள் தீர்ப்பில் டி.சி.யைத் தாங்க வேறு ஆவணமே இல்லை. பிறப்புச் சான்றிதழும் டி.சி.யும் ஒரே தேதி சொன்னால்?

கூண்டுக்கு_வெளியே:
அப்போது நிரூபிப்பது பிறப்புச் சான்றிதழ். டி.சி. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

சாக்பீஸ்_தாத்தா:
உட்கார்ந்திருக்கிறதல்லவா? அதைத்தான் நானும் நேற்று எழுதினேன்.

கூண்டுக்கு_வெளியே:
நேற்று நீங்கள் எழுதியது "டி.சி. இருந்தால் முடிந்தது". திருத்தும் முன்பே படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

சாக்பீஸ்_தாத்தா:
எழுத்துப்பிழையைத்தான் திருத்தினேன். உங்கள் பதிவுகளில் அதற்கும் ஆள் தேவைப்படுகிறது.

மகளிர்_நிலைய_வாசல்:
30 நாள் பற்றிக் கேட்டிருந்தேன்.

கூண்டுக்கு_வெளியே:
எந்த எழுத்துப்பிழை? காட்டுங்கள்.