டிடிடியில் வரிசை மாறினாலும் ஏற்க வழி உண்டா?

நண்பர்களே, பழைய நூல்களின் பட்டியலை எக்ஸ்எம்எல்லில் (தகவலைக் குறிச்சொற்களுக்குள் இட்டு எழுதும் வடிவம்) ஏற்றுகிறேன். கோப்பில் எவை எந்த வரிசையில் வரலாம் என்று விதிக்கும் டிடிடியில் (தலைப்பு, ஆசிரியர்+, விலை?) என்று எழுதினேன். காற்புள்ளி வரிசையைக் கட்டாயமாக்கும்; + என்றால் ஒன்றாவது வேண்டும்; ? இருந்தால் விலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இதுவரை புரிகிறது.

ஆனால் தட்டச்சு செய்தவர் பாதிக் கோப்புகளில் ஆசிரியரை முதலில் போட்டுவிட்டார். (தலைப்பு | ஆசிரியர் | விலை)* என்று, அதாவது இவற்றில் எதுவும் எத்தனை முறையும் வரலாம், வராமலும் போகலாம் என்று தளர்த்தினால், தலைப்பே இல்லாத நூலும், ஏன், வெறும் காலிப் பதிவும்கூடச் சத்தமில்லாமல் தேறிவிடுகிறது! எக்ஸ்எம்எல்லின் முன்னோடியான எஸ்ஜிஎம்எல்லில், எல்லாம் வரவேண்டும், வரிசை எதுவானாலும் சரி என்று சொல்வதற்கென்றே இருந்த & குறியை எக்ஸ்எம்எல் கைவிட்டுவிட்டது.

(((தலைப்பு, ஆசிரியர்+) | (ஆசிரியர்+, தலைப்பு)), விலை?) என்று எழுதுவதுதான் ஒரே வழியா? நாளை பதிப்பகம், ஆண்டு எல்லாம் சேர்ந்தால் அடைப்புக்குறிகளை எண்ணியே பொழுது போய்விடும். இதற்காக டிடிடியை விட்டு, அதே வேலையைச் செய்யும் எக்ஸ்எம்எல் ஸ்கீமாவுக்கு மாறியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.