ரூம் புக்கிங் தளங்கள்: கவுன்டரில் பார்த்த ஒரு விஷயம்

நாயுடுபுரம்:
சனிக்கிழமை மத்தியானம், கொடைக்கானல் ஆனந்தகிரி பக்கம் ஒரு லாட்ஜ். பலகையில் ரூம் 3,000. வந்தவர் ஈரக்கையோட போனைத் திருப்பிக் காட்டுறார்: அதே ரூம், அதே தேதி, 2,640. "உங்க ரூமை உங்ககிட்டயே கேட்டா விலை ஜாஸ்தியா?" கவுன்டர் பையன் முழிக்கிறான். அந்த 360 தளத்தோட கைக்காசா, லாட்ஜ் தலையில கட்டினதான்னு அவனுக்கே தெரியாது. தளம் அனுப்புற கணக்கு ஸ்டேட்மென்ட் வந்தாத்தான் தெரியும். இது என்ன நியாயம்?

கேத்திமேடு:
அண்ணே, அந்த ஸ்டேட்மென்ட்டைப் பிரிச்சுப் பாருங்க. தள்ளுபடியே இல்லாத 3,000 ரூமுக்கு, கமிஷன் 20% என்றால் 600. கமிஷன் மேல் ஜிஎஸ்டி 18%, அது 108. ஜிஎஸ்டி கணக்கில் தளம் பிடிக்கும் டிசிஎஸ் 0.5%, 15. வருமான வரிக்காகப் பிடிக்கும் டிடிஎஸ் 0.1%, 3. கைக்கு வருவது 2,274. இதில் கடைசி இரண்டும் திரும்பி வரும் காசு. டிசிஎஸ்ஸை ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்று ஃபைல் செய்தால்தான் கேஷ் லெட்ஜரில், அதாவது அங்கே லாட்ஜ் பெயரில் உள்ள பணக் கணக்கில், ஏறும். நிறையப் பேர் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. டிடிஎஸ் வருமான வரிக் கணக்கில் லாட்ஜ் பெயரில் வரவாக இருக்கும். 108தான் போனது போனதுதான். ஏனென்றால் 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 வரையுள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5%, ஆனால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் இன்புட் கிடையாது.

பூம்பாறைப்பூண்டு:
கமிஷனைத் திட்டி என்ன பண்ண? செவ்வாய்க்கிழமை காலி ரூமை நிரப்புறது அவங்கதான். அநியாயம் வேற இடத்துல: 'எங்க தளத்து விலைக்குக் கீழ வேற எங்கேயும் விக்கக் கூடாது'ங்கிற ஷரத்து. 2022 அக்டோபர்ல இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்–கோஐபிபோவுக்கு 223.48 கோடி அபராதம் போட்டு, அந்த ஷரத்தை எடுக்கச் சொல்லுச்சு.

அதனால முதல்ல அக்ரிமென்ட்டைப் படிங்க. அப்புறம் ஆஃபர் பக்கத்துல, தள்ளுபடியை யார் ஏத்துக்கிறாங்கன்னு பாருங்க. முடிவு தேதி போடாத ஆஃபர் மே மாசத்துலயும் ஓடும். இலவச கேன்சலை வர்ற நாளுக்கு 72 மணி நேரம் முன்னாடியே நிறுத்துங்க. 2025 சீசன்ல கொடைக்கானலுக்கு வண்டி ஏற வாங்க வேண்டிய இ-பாஸ் ஒரு நாளைக்கு, வாரநாள்ல 4,000 வண்டி, வார இறுதியில 6,000தான். பாஸ் கிடைக்காதவன் முதல்நாள் ராத்திரிதான் கேன்சல் பண்ணுவான், ரூம் காலியாக் கிடக்கும்.

கேத்திமேடு:
இதெல்லாம் கவுன்டருக்கு வந்தவர் கேட்கவே இல்லையே. பையன் 2,500 என்று சொல்லிச் சாவியை நீட்டியிருக்கலாம். வந்தவருக்கு 140 மிச்சம், லாட்ஜுக்கு அந்த 2,274-ஐ விட 226 கூட.

நாயுடுபுரம்:
அவன் நீட்டினது வைஃபை பாஸ்வேர்டு சீட்டு. வந்தவர் கவுன்டர்லயே சாஞ்சு நின்னு ஆப்புல புக் பண்ணிட்டார்.