கில்லெஸ்பி 'ஸ்காட்ச்' அதிகாரியா?

கோட்டைவாசி:
வேலூர்க் கோட்டை பற்றிப் பள்ளி மலருக்கு ஒரு கட்டுரை. 1806 ஜூலை 10 அன்று வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த கில்லெஸ்பியை 'ஸ்காட்ச் அதிகாரி' என்று எழுதலாமா? அந்தச் சொல்லின் வேர் என்ன?

பாலாற்றங்கரை:
வேண்டாங்க, அதில் இரண்டு பிழை. அவர் பிறந்தது அயர்லாந்தில், டவுன் மாவட்டத்துக் காம்பரில்; பூர்வீகம்தான் ஸ்காட்லாந்து. அடுத்து, 'ஸ்காட்ச்' இன்று விஸ்கிக்கும் சில தின்பண்டங்களுக்கும் உரியது. 18, 19ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் ஆளையும் அப்படித்தான் எழுதினார்கள். இப்போது அந்த ஊர்க்காரர்களே முகம் சுளிப்பார்கள். மேற்கோளில் வந்தால் மட்டும் அப்படியே விடுங்கள்.

சத்துவாச்சாரி தமிழ்:
வேர்தான் சுவாரசியம். லத்தீனில் 'ஸ்காட்டி' என்றால் முதலில் அயர்லாந்துக்காரர்கள்! கேலிக் பேசிய அவர்கள் கடல் தாண்டி இன்றைய ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் டால் ரியாட்டா அரசில் வேரூன்றினர். பெயரும் கூடவே போய், பின்னர் நாடு முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது. நம்ம 'பறங்கி' மாதிரிதான்: பிராங்க் இனத்தாரின் பெயர், அரபு, பாரசீகம் வழியாக இங்கே வந்து எல்லா ஐரோப்பியருக்கும் ஆனது. 'ஸ்காட்டா' என்ற எகிப்து இளவரசியிலிருந்து வந்தது என்பது வெறும் புராணம்.

கேலிக்கில் நாடு 'ஆல்பா', ஆள் 'ஆல்பனாக்'. 'கலிடோனியா' ரோமானியர் வைத்தது.

பாலாற்றங்கரை:
தமிழில் 'ஸ்காட்லாந்துக்காரர்' போதும். 'ஸ்காட்ஸ்' என்று எழுதினால் குழப்பம் வரும். அது மக்களையும் குறிக்கும், ஆங்கிலத்துக்கு உறவான ஒரு மொழியையும் குறிக்கும். கேலிக் வேறு மொழி.

கோட்டைவாசி:
நன்றிங்க. 'ஸ்காட்லாந்துப் பூர்வீகம் கொண்ட அயர்லாந்துக்காரர்' என்று மாற்றிவிட்டேன்.